சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுப்பது எப்படி?

கமுதிப் பக்கம் எங்கள் நிலத்தில் முதலில் அரிவாளால் வெட்டித்தான் போட்டோம். அடுத்த மழைக்கே ஒரு தூரிலிருந்து ஏழெட்டுக் கிளை துளிர்த்து நின்றது. விறகுக்காக மனிதர்களே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த மரம். இன்று கண்மாய்களையே அடைத்து நிற்கிறது.

மழையில் மண் இளகியதும் தொடங்குங்கள். கிளைகளைக் கழித்துவிட்டு, தூரைச் சுற்றி ஒரு முழ ஆழம் தோண்டி, கடப்பாரையால் நெம்புங்கள். துளிர்விடும் மொட்டுகள் தரைக்குக் கீழேயும் இருக்கும். அந்த வேர்க்கட்டை முழுதாக வந்தாக வேண்டும். முள் செருப்பைத் துளைத்துவிடும், கவனம். பெரிய மரத்துக்கு ஜேசிபிதான் சரி.

நெற்று பழுக்கும் முன் முடியுங்கள். ஆடு தின்றால் புழுக்கை விழுந்த இடமெல்லாம் முளைக்கும். அப்புறம் வேம்போ பனையோ வையுங்கள். இரண்டு வருடம், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நிலத்தைச் சுற்றி நடந்து, விரல் உயரக் கன்றுகளைக் கையாலேயே பிடுங்குங்கள்.