போலந்துக் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி?

மேரி க்யூரியின் பிறந்த வீட்டுப் பெயரையே எடுத்துக்கொள்வோம்: ஸ்க்வொடோவ்ஸ்கா.

படி 1: எழுத்தைச் சரிபாருங்கள். இந்தப் பெயரில் வரும் 'எல்' எழுத்தின் குறுக்கே ஒரு கோடு உண்டு. அதன் ஒலி 'வ'. கோடு தெரியாமல் படிப்பதால்தான் தமிழிலும் 'ஸ்க்லோடோவ்ஸ்கா' என்று எழுதுகிறோம். வெளிநாடு போன குடும்பங்கள் பல இந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் விட்டுவிட்டன.

படி 2: ஆண்பால் வடிவத்துக்கு மாற்றுங்கள். மகள் ஸ்க்வொடோவ்ஸ்கா என்றால் அப்பா ஸ்க்வொடோவ்ஸ்கி. நோவாக் போன்ற பெயர்கள் பால் பார்த்து மாறாது.

படி 3: 'ஸ்கி', 'சிக்' போன்ற வாலை நீக்கி வேரைப் பாருங்கள். பெரும்பாலும் தொழில், ஊர், பட்டப்பெயர் இவற்றில் ஒன்று வரும். 'கொவால்' என்றால் கொல்லர். கொவால்சிக் கொல்லரின் மகன், அல்லது அவரிடம் தொழில் பழகியவன். நோவாக், ஊருக்குப் புதிதாக வந்தவன். ஸ்க்வொடோவ்ஸ்கியில் இருப்பது மசோவியா பகுதியின் ஸ்க்வொடி என்ற ஊர்.

'ஸ்கி' முதலில் நிலவுடைமைப் பிரபுக்கள் தங்கள் ஊரைச் சொல்ல வைத்துக்கொண்டது. பின்னாளில் நகரத்தாரும் குடியானவர்களும் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் 'ஸ்கி' இருந்தால் பிரபு வம்சம் என்று முடிவு கட்ட வேண்டாம். பெயரைக் கொடுத்தால் குலச் சின்னம் அச்சடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் காசு கொடுக்கவும் வேண்டாம். ஒரே பெயரில் உறவே இல்லாத குடும்பங்கள் ஏராளம்.

படி 4: எந்த ஊர்? வேலை இருப்பது இங்கேதான். விஷ்னியெவ்ஸ்கி என்றால் விஷ்னியெவோ ஊர்க்காரர், சரி. 'விஷ்னியா' என்பது புளிப்புச் செர்ரி. ஆனால் அந்தப் பெயரில் போலந்தில் பல ஊர்கள் இருக்கின்றன. பெயரை மட்டும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. குடும்பம் வாழ்ந்த பங்கின் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்) கோயில் பதிவேடு வேண்டும். கெனெதேகா என்ற இலவச இணையத் தளத்தில் மாகாணம் வாரியாகப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைத் தேடலாம்.

அந்தக் காலத்தில் போலந்தை அண்டை அரசுகள் பிரித்து ஆண்டன; பதிவேட்டின் மொழி ஆண்ட அரசைப் பொறுத்தது. வார்சா பக்கம் 1808 முதல் போலிஷ். 1868 முதல், முதல் உலகப் போர்க்காலம் வரை ரஷ்யன். பயப்படாதீர்கள், ரஷ்யப் பதிவுகளில் பெயர்களைப் பல இடங்களில் அடைப்புக்குறிக்குள் போலிஷிலும் எழுதியிருப்பார்கள். ஆஸ்திரியா ஆண்ட தெற்குப் பகுதியான கலீசியாவில் பெரும்பாலும் லத்தீன்.

ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்து பங்கு தெரியவில்லையா? 1880 முதல் 1902 வரை வெளிவந்த போலந்து நிலவியல் அகராதி இணையத்தில் கிடைக்கிறது. அகரவரிசையில் ஊரைத் தேடினால், பல ஊர்களுக்கு மாவட்டத்தோடு பங்கும் குறித்திருப்பார்கள். அப்புறம் கெனெதேகாவுக்குத் திரும்பி அந்தப் பங்கை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள்.