எஞ்சின் பழுதும் வாரண்டி மறுப்பும்: முதல் நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும்?

எஞ்சின் வாரண்டி கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பிரித்துவிட்டால் பழைய ஆயில் வடிந்துவிடும், ஃபில்டர் குப்பைக்குப் போய்விடும், வண்டியின் கணினியில் பதிவானவை அழிந்துவிடும். அதன்பிறகு "ஆயிலை ஒழுங்காக மாற்றவில்லை" என்று சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்தால், மறுத்துப் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது. அதனால்தான் முதல் நான்கு படிகளும் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை.

படி 1: வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்

சிவப்பு ஆயில் விளக்கு, ஆயில் அளவு குறைந்ததற்கான நினைவூட்டல் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் ஆயில் அழுத்தம் 0.2 முதல் 0.5 பார் வரை இறங்கிய பிறகுதான் அது எரியும். அதாவது, சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளுக்கு ஆயில் போவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்று பொருள். அந்த நிலையில் ஒரு நிமிடம் ஓடினாலே பேரிங், எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டோடு ஒட்டிக்கொள்ளலாம். வெப்பமானி சிவப்பைத் தொட்டாலும் இதே விதிதான். தேங்கிய நீரில் போய் எஞ்சின் அணைந்திருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால், நீரை அமுக்க முடியாமல், பிஸ்டனையும் கிராங்க்ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதால் வந்த சேதத்தை ஏறக்குறைய எல்லா வாரண்டியும் விலக்கி வைத்திருக்கும். ஆகவே வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்து, இடமும் நேரமும் குறித்த ரசீதை வாங்கி வையுங்கள். நீங்கள் உடனே நிறுத்தியதற்கு அது சாட்சி.

படி 2: எதையும் தொடாமல் பதிவு செய்யுங்கள்

மீட்டர் போர்டில் எரியும் விளக்குகள், ஓடிய கிலோமீட்டர், சேசிஸ் எண், டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் நிற்கும் இடம், கூலன்ட் டப்பாவின் அளவு ஆகிய ஐந்தையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். உதவிக்கு வருபவர் "கொஞ்சம் ஆயில் ஊற்றிப் பார்ப்போமே" என்பார். ஊற்ற விடாதீர்கள். அளவு குறைந்திருந்ததா, சரியாக இருந்ததா என்பதே பிற்பாடு பெரிய கேள்வியாக வரும். சத்தத்தைப் பதிவு செய்வதற்காக மறுபடி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம்.

அடுத்தது ஓபிடி ஸ்கேனர், அதாவது வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி. கோளாறு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போய்விடக் கூடாது. அந்தக் கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் வேகம், கூலன்ட் வெப்பம், வண்டியின் வேகம், எஞ்சின் மேல் இருந்த சுமை ஆகியவற்றையும் கணினி சேர்த்துவைத்திருக்கும். ஸ்கேனரில் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பக்கத்தில் அதைப் பார்க்கலாம். பி0217 என்றால் எஞ்சின் அதிக வெப்பம், பி0524 என்றால் ஆயில் அழுத்தம் மிகக் குறைவு, பி0016 என்றால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் கிராங்க்ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை. கோளாறு எண்ணை அழித்தால் இந்தத் தகவலும் சேர்ந்தே போய்விடும். பல வண்டிகளில் பேட்டரி வயரைக் கழற்றினாலும் போய்விடும். படம் பிடித்த பிறகே மற்றவை.

படி 3: ஆயில் மாதிரியும் ஃபில்டரும்

இதைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். சுத்தமான, உலர்ந்த இரண்டு பாட்டில்களில் தலா 100 மில்லி ஆயில் எடுக்க வேண்டும். வடிகால் போல்ட்டைக் கழற்றி எடுப்பதானால் முதலில் கொட்டுவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். அடியில் தங்கிய கசடு மட்டும் வந்தால் கணக்கு தப்பும். டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கைப்பம்பால் உறிஞ்சியும் எடுக்கலாம். பாட்டில் மேல் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் கிரேடு, கடைசியாக மாற்றி எவ்வளவு தூரம் ஓடியது என்பதை எழுதி ஒட்டுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, மற்றது சீல் வைத்து உங்களிடம்.

ஆய்வறிக்கையில் பார்க்க வேண்டியவை: சிலிக்கான் அதிகம் என்றால் தூசி உள்ளே போயிருக்கிறது, ஏர் ஃபில்டர் பக்கம் கோளாறு. காப்பர், ஈயம் என்றால் பேரிங் தேய்மானம். சோடியமோ பொட்டாசியமோ ஏறியிருந்தால் கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பெட்ரோலோ டீசலோ கலந்து ஆயில் நீர்த்திருந்தால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். ஆயிலின் பிசுக்கு (கெட்டித்தன்மை), டப்பாவில் போட்ட கிரேடுக்கு உரிய எல்லைக்குள் இருந்தால், "தவறான ஆயில்" என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே நல்ல பதில்.

ஃபில்டரை வெட்டிப் பார்ப்பதும் அவசியம். ஹாக்ஸா பிளேடு வேண்டாம். அது போடும் இரும்புத்தூள் உள்ளே விழுந்து, எது எஞ்சினிலிருந்து வந்தது, எது பிளேடிலிருந்து வந்தது என்று தெரியாமல் செய்துவிடும். ஃபில்டரை வெட்டுவதற்கென்றே இருக்கும் உருளைக் கட்டரால் விளிம்பைச் சுற்றி வெட்டி, மடிப்புக் காகிதத்தை முழுநீளத்துக்கும் விரித்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு, எஃகு. ஒட்டாமல் வெள்ளையாக மின்னுவது பெரும்பாலும் அலுமினியம் அல்லது பேரிங்கின் மேல்பூச்சு. செம்புநிறச் செதில் தெரிந்தால் பேரிங் மேல்பூச்சுக்கு அடியிலுள்ள செம்பு அடுக்கு வரை தேய்ந்துவிட்டது. இதை வீட்டில் நீங்களாகச் செய்தால் "கை வைத்துவிட்டீர்கள்" என்று சொல்ல இடம் கொடுத்ததாகும். சர்வீஸ் சென்டரிலேயே, அவர்கள் ஆள் முன்னிலையில் செய்து, ஜாப் கார்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

படி 4: பிரிக்க ஒப்புதல் தரும் முன்

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள். கீழ்க்கண்டவை எழுத்தில் இருக்க வேண்டும்: வாரண்டி மறுக்கப்பட்டால் பிரித்த கூலியை யார் தருவது, எவ்வளவு, எதுவரை பிரிப்பார்கள், பிரிக்கும்போது நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ உடனிருக்கலாமா, பழைய பாகங்கள் எல்லாம் வரிசை எண் எழுதிப் பத்திரமாக வைக்கப்படுமா, முடிவு வரும்வரை வண்டி நிறுத்த வாடகை உண்டா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. தகராறு மாதக்கணக்கில் இழுக்கும்போது அதுவே பெரிய தொகையாகிவிடும்.

நீட்டிக்கப்பட்ட வாரண்டி வேறு நிறுவனத்தினுடையது என்றால் இன்னும் கவனம் வேண்டும். முன் அனுமதி வாங்காமல் வேலையைத் தொடங்கினால் கோரிக்கை செல்லாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். நீர் புகுந்த சேதமோ வாரண்டிக்குள் வரவே வராது. அதற்குக் காப்பீட்டுப் பாலிசியைப் பாருங்கள்.

இடைப்பட்ட நேரத்தில் பராமரிப்புத் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். வெளியே ஆயில் மாற்றியிருந்தால் ஆயில் வாங்கிய பில், ஃபில்டர் பில், அன்றைய கிலோமீட்டர் மூன்றும் வேண்டும். பில் தொலைந்திருந்தால் வங்கிக் கணக்கிலோ கடையின் கணினியிலோ தடயம் இருக்கும். அதோடு சேசிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் திரும்பப்பெறும் அறிவிப்புகளையும், தெரிந்த பழுதுகளைப் பற்றிச் சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்பும் சேவை அறிக்கைகளையும் தேடுங்கள். 2015-இல் அமெரிக்காவில் ஹூண்டாய் 2011, 2012 மாடல் சொனாட்டா கார்களில் ஏறத்தாழ 4,70,000-ஐத் திரும்ப அழைத்தது. கிராங்க்ஷாஃப்டைக் கடைந்தபோது தங்கிய உலோகத்துகள் ஆயில் வழியை அடைத்து, கனெக்டிங் ராட் பேரிங்குகளைக் கெடுத்தது என்பதே காரணம். பேரிங் போனாலே ஓட்டுநரின் அலட்சியம் என்று யாராவது சொன்னால், தொழிற்சாலையிலேயே தொடங்கும் பழுதும் உண்டு என்பதற்கு இது அசைக்க முடியாத சான்று.

படி 5: மறுப்புக் கடிதத்தை வாசிப்பது

வாய்வழி மறுப்பை ஏற்காதீர்கள். எந்த விதியின்படி, எந்தக் கண்டுபிடிப்பின் அடிப்படையில் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வந்த கடிதத்தில் இரண்டை மட்டும் தேடுங்கள்: நீங்கள் செய்த தவறு என்ன, அந்தத் தவறு இந்தப் பாகத்தை எப்படிக் கெடுத்தது. முதலாவது பெரும்பாலும் இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் இருக்காது. அங்கேதான் உங்களுக்கு இடம்.

உதாரணமாக, ஒரு முறை ஆயில் மாற்றம் 1,500 கி.மீ. தாமதம் என்று வையுங்கள். ஆயில் நெடுங்காலம் மாற்றப்படாத எஞ்சினில் வால்வு மூடியைத் திறந்தாலே கருங்கசடு அப்பியிருக்கும். கேம்ஷாஃப்டில் கீறல் விழுந்திருக்கும். பல பேரிங்குகளில் ஒரே மாதிரியான தேய்மானம் தெரியும். மேல்பகுதி சுத்தமாக இருந்து, நான்கு ராட் பேரிங்குகளில் மூன்று பளபளவென்று நல்ல நிலையில் இருக்க, ஒன்று மட்டும் சுழன்று கருகியிருந்தால், பராமரிப்புக் குறை என்ற விளக்கம் அதற்குப் பொருந்துவது கடினம். அந்த ஒரு பேரிங்குக்குப் போகும் ஆயில் துளை அடைபட்டதா, பொருத்தும்போதே இடைவெளி தவறியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நான்கு பேரிங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு படம் பத்துப் பக்கக் கடிதத்தைவிட வலுவானது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவை மாற்றி எழுதி எஞ்சின் திறனைக் கூட்டியிருந்தாலோ, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் நீர்க்கோடு இருந்து ராட் வளைந்திருந்தாலோ, வாரண்டியை நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டாம். நீர்ச் சேதமென்றால் காப்பீட்டைக் கேட்டுவிட்டு, நேராகப் படி 8-க்குப் போங்கள்.

படி 6: சுயேச்சையான ஆய்வு

எந்தப் பக்கமும் சாராத ஆட்டோமொபைல் பொறியாளரையோ சர்வேயரையோ வைத்து, வண்டி அங்கே இருக்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையில் கருத்து மட்டும் போதாது, அளவுகள் வேண்டும். எஞ்சின் இன்னும் சுழலும் நிலையில் இருந்தால் சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை முதலில். பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 120 முதல் 200 பிஎஸ்ஐ வரை வரும். சிலிண்டர்களுக்குள் 10–15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு).

இன்னும் துல்லியம் வேண்டுமானால் காற்றுக் கசிவுச் சோதனை. சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் காது கொடுங்கள்: சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

படி 7: பதில் கடிதம்

உணர்ச்சியைக் கொட்டாமல் ஒரு பக்கத்தில் முடியுங்கள். நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"தங்கள் கடிதத்தில் பராமரிப்புத் தாமதமே காரணம் எனக் குறிப்பிட்டுள்ளீர்கள். இணைப்பு 1-இல் உள்ள ஆயில் ஆய்வறிக்கையின்படி ஆயிலின் பிசுக்கு உரிய எல்லைக்குள் உள்ளது. இணைப்பு 2-இல் உள்ள படங்களில் வால்வு மூடியின் கீழ் கசடு இல்லை. மூன்றாவது ராட் பேரிங் மட்டுமே சேதமடைந்துள்ளது. குறிப்பிட்ட தாமதம் இந்த ஒரு பேரிங்கை மட்டும் எவ்வாறு பாதித்தது என்பதை 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவும், அல்லது வாரண்டியின்கீழ் பழுதை நீக்கித் தரவும்."

இது சர்வீஸ் சென்டருக்கும் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே நாளில் போக வேண்டும். மறுத்தவர் சர்வீஸ் சென்டராக இருக்கலாம், பணம் தருபவர் தயாரிப்பாளர். அவர்களுடைய பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். முழுத்தொகை கிடைக்காத இடத்திலும், நல்லெண்ண அடிப்படையில் பாகங்களின் விலையை ஏற்று, கூலியை மட்டும் உங்களிடம் கேட்கும் சமரசம் உண்டு. வாரண்டி அண்மையில்தான் முடிந்தது, சர்வீஸ் எல்லாம் அவர்களிடமே செய்தது என்றால் தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த கட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் வாரண்டிச் சட்டம், தன் பிராண்டு பாகத்தைத்தான் வாங்க வேண்டும் என்று நிறுவனம் பொதுவாக நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. எந்த நாடானாலும் காலக்கெடுவை முதலில் பாருங்கள்.

படி 8: கைக்காசில் செய்வதென்றால்

எஸ்டிமேட்டில் 'எஞ்சின்' என்று ஒரே சொல்லாக இருந்தால் விரித்து எழுதச் சொல்லுங்கள். ஷார்ட் பிளாக் என்றால் பிளாக், கிராங்க், பிஸ்டன் வரை. லாங் பிளாக் என்றால் ஹெட்டும் சேரும். பயன்படுத்திய எஞ்சின் மலிவு, ஆனால் வாங்குமுன் கம்ப்ரஷன் அளவு பார்க்காமல் பணம் தர வேண்டாம். எஞ்சின் எண் மாறினால் பதிவு ஆவணத்திலும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

சூடேறிக் கெட்ட எஞ்சினில் ஹெட்டின் தட்டைத்தன்மையை நேர்கோலும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்க வேண்டும். பல எஞ்சின்களில் 0.05 மி.மீ. கோணல்தான் எல்லை. விரிசலுக்கு அழுத்தச் சோதனை தனியாகச் செய்ய வேண்டும். இறுக்கும்போது நீண்டுகொடுக்கும் நீட்சி வகை ஹெட் போல்ட்டுகள் ஒருமுறைக்குத்தான், பழையதைத் திரும்பப் போட்டால் கேஸ்கெட் மறுபடி போகும்.

பேரிங் கெட்ட எஞ்சினுக்கு இன்னொரு விதி இருக்கிறது, இதை விட்டால் செலவெல்லாம் வீண். உலோகத்துகள் ஆயில் கூலருக்குள் போய்ப் பதுங்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. கூலரையும் ஆயில் பம்பையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டர்போ இருந்தால் அதன் ஆயில் குழாயையும் மாற்றுங்கள். மாற்றாமல் புது எஞ்சின் ஏற்றினால் அதே துகள் புதுப் பேரிங்கைத் தின்னும், அந்த வேலைக்குத் தந்த வாரண்டியும் கேள்விக்குள்ளாகும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் அழுத்தத்தை ஏற்றிய பிறகே ஓட விட வேண்டும். கைக் கேஜில் பார் அளவைக் குறித்துக் கேளுங்கள். முதல் 500 முதல் 1,000 கி.மீ.க்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். மெல்லிய சாம்பல்நிறப் பொடி இயல்பு. செதில் இருந்தால் அன்றே வண்டியைத் திரும்ப விட்டு, மாற்றிய பாகங்களின் எண்கள், போல்ட்டுகளை இறுக்கிய டார்க் அளவு, கூலிக்கான வாரண்டிக் காலம் எல்லாம் உள்ள பில்லை முன்னால் வைத்துப் பேசுங்கள்.