‘நல்லப் பையன்’ என்று எழுதாதீர்கள்

‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கிறோம். ‘வேலைக் கொடு’ என்றால் கேட்பது முருகன் கையில் இருக்கும் வேல். ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது. ஓர் ஒற்றெழுத்து பொருளையே மாற்றிவிடுகிறது.

உயிரொலியில் முடியும் சொல்லுக்கு அடுத்து க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்பது நன்னூலின் பொதுவிதி. விலக்குகள் ஏராளம், சிக்கலே அங்குதான். இன்று ஒற்றை விடுவதைவிட, வேண்டாத இடத்தில் போடுவதுதான் கண்ணை அதிகம் உறுத்துகிறது. ‘நல்லப் பையன்’, ‘பெரியக் கடை’, ‘வந்தப் பெண்’ எல்லாம் பிழை. ‘அந்தப் பையன்’ என்று எழுதிப் பழகிய கை, ‘அ’வில் முடியும் எல்லாச் சொல்லுக்கும் ஒற்றுப் போட்டுவிடுகிறது. அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் மிகும். நல்ல, பெரிய, வந்த என்று ஒரு பெயரைத் தேடி நிற்கும் பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. ‘அழகான பாட்டு’, ஆனால் ‘அழகாகப் பாடினாள்’. ‘ஓடாத குதிரை’, ஆனால் கடைசி ‘த’ போய்விட்டால் ‘ஓடாக் குதிரை’.

உகரத்தில் முடியும் சொல்லா? அதற்கு முந்திய எழுத்தைப் பாருங்கள். த்து, ட்டு, ற்று என்று வல்லொற்று இருந்தால் மிகும்: படித்துப் பார், கேட்டுச் சொல், விற்றுத் தீர்ந்தது. இல்லையென்றால், இன்னொரு வினையைத் தேடி நிற்கும் வினையெச்சத்தில் மிகாது: வந்து போ, செய்து கொடு. ‘என்றுச் சொன்னார்’ தவறு. ‘என்று சொன்னார்’, அல்லது ‘எனச் சொன்னார்’. எண்களிலும் இதே கணக்குதான்: ஐந்து பேர், ஆறு பேர், எட்டுப் பேர், பத்துப் பேர்.

ஐ, கு உருபுகளுக்குப் பின் தயங்காமல் போடலாம்: அவனைக் கேள், ஊருக்குப் போ. நடுவில் காற்புள்ளி வந்தால் வேண்டாம்.

காலம் காட்டாத வினையும் பெயரும் ஒட்டி நிற்கும் வினைத்தொகையில் மிகவே மிகாது. ஊறுகாய், சுடுகாடு, நடுகல். ‘நடுக்கல்’ என்றால் நடுவில் இருக்கும் கல். வீரனுக்கு நட்டது நடுகல்.

‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ சண்டை தனி. இரண்டுக்கும் வாதாட ஆள் உண்டு. முன்னதை எழுதினால், கள் குடிக்க அழைக்கிறீர்களா என்ற கேலியாவது வராது.

திருத்தும்போது எல்லாச் சொல்லையும் துழாவ வேண்டாம். க, ச, த, ப வரிசையில் தொடங்கும் சொற்களில் மட்டும் நின்று, முன்சொல்லைப் பாருங்கள். ‘அந்த டீ’, ‘அந்த ஜன்னல்’, ‘அந்த ஹோட்டல்’ இந்தக் கணக்கில் சேராது.