படிகாரத்தில் ஒற்றைப் படிகம் வளர்ப்பது எப்படி?

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள குவாரிகளில் புதிதாக உடைத்த கிரானைட் துண்டு ஒன்றை எடுத்து வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு சாய்வில் சில புள்ளிகள் பளிச்சென்று மின்னும். அவை ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் உடைந்த சமதளங்கள். பூமிக்கடியில் மிக மெதுவாக ஆறியதால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தவை. என் அப்பா அந்தக் கல்லை உடைத்தார். நான் வேதியியல் படித்து, முப்பது ஆண்டுகள் படிகங்களின் உள்ளமைப்பை ஆராயும் படிகவியல் ஆய்வகத்தில் இருந்தேன். படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், அதிலுள்ள மூலக்கூறின் வடிவத்தை அது காட்டிக்கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் நல்ல படிகம் ஒன்று வேண்டும். அதை வளர்க்கும் பக்குவத்தைப் படிகாரத்தில் பழகலாம்.

நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைப் படிகாரம் 100 கிராம் வாங்கிப் பொடியுங்கள். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். அதிலுள்ள உப்புகள் படிகத்தைக் கலங்கடிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரே நல்லது. 200 மில்லி நீரைச் சுடவைத்து 50 கிராம் பொடியைக் கரைத்து, வடிகட்டி, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, துணியால் மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் அடியில் சிறு படிகங்கள் கிடக்கும்.

இனிமேல்தான் கண்ணுக்கு வேலை. படிகங்களைக் கறுப்புத் துணியில் பரப்பி, பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒட்டிப் பிறந்ததும், உள்ளே வெண்புகை படர்ந்ததும் வேண்டாம். எட்டு முக்கோண முகங்களோடு, அடிக்கு அடி சேர்த்த இரண்டு கோபுரங்கள்போல இருப்பதே விதை; அதன்மேல்தான் பெரிய படிகம் வளரும். எனக்கு நூற்றில் ஒன்றுகூடத் தேறாத நாள்கள் உண்டு. அன்று மறுபடியும் கரைத்து முதலிலிருந்து தொடங்குவேன். விதையில் இருக்கும் குறை, வளர வளரப் பெரிதாகுமே தவிர மறையாது.

விதையை மெல்லிய மீன்பிடி நரம்பில் முடிந்து ஒரு குச்சியில் கட்டுங்கள். பழைய கரைசலை மறுபடி வடிகட்டி, அதன் நடுவில் விதையைத் தொங்கவிடுங்கள். விதை சிறுத்தால் கரைசல் இன்னும் தெவிட்டவில்லை, அதாவது இன்னும் படிகாரத்தைக் கரைக்க அதில் இடமிருக்கிறது என்று பொருள். உடனே வெளியே எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் படிகாரத்தைச் சூடாகக் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு திரும்பத் தொங்கவிடுங்கள்.

குவளையைத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் நிறுத்துவது என் வழக்கம். பகல் வெப்பம் ஏறினால் படிகத்தின் விளிம்பு கரைந்து மழுங்கும். இரவுக் குளிரில் அவசரமாக வளர்ந்து கலங்கும். வாளித் தண்ணீர் அந்த ஏற்ற இறக்கத்தை அடக்கிவைக்கும். மூன்று நான்கு வாரம் ஆகட்டும். குவளையை ஆட்டாதீர்கள்.

ஆய்வு மாணவியாக இருந்தபோது ஒரு சேர்மத்தோடு நான்கு மாதம் போராடினேன். பொறுமையிழந்து ஐஸில் வைத்தேன், பொடிதான் கிடைத்தது. மிச்சக் கரைசலை அலமாரியில் வைத்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பிப் போனபோது, குழாயின் ஓரத்தில் 0.2 மில்லிமீட்டர் அளவில் ஒரு படிகம் நின்றது. எக்ஸ் கதிருக்கு அவ்வளவே போதும். பெரிய படிகம் நம் கண்ணுக்காகத்தான்.

பிரிட்டிஷ் படிகவியல் அறிஞர் டோரதி ஹாட்ஜ்கின் பத்து வயதில் படிகாரமும் மயில்துத்தமும் (காப்பர் சல்ஃபேட்) வளர்த்துப் பார்த்தவர். 1935-இல் இன்சுலின் படிகத்தின் எக்ஸ் கதிர்ப் படத்தை எடுத்தார். அதன் அமைப்பை அவரது குழு கண்டறிந்தது 1969-இல். இடையே 34 ஆண்டுகள். நடுவில் 1964-இல் நோபல் பரிசும் வந்துவிட்டது. மயில்துத்தப் படிகம் நீலமாக, பேரழகாக இருக்கும். 1912-இல் எக்ஸ் கதிர் முதன்முதலில் ஒரு படிகத்தில் பட்டுப் புள்ளிக்கோலமாகச் சிதறிக் காட்டியதும் அதில்தான். ஆனால் நம் தோட்டக்காரர்கள் சுண்ணாம்போடு கலந்து தெளிக்கும் நஞ்சு அது. சிறுபிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

வளர்ந்த படிகத்தைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுங்கள். காற்றில் படிகத்துக்குள் இருக்கும் நீர் போய் மேற்பரப்பு வெளுக்கும். நிறமற்ற நகப்பூச்சை ஒரு பூச்சுப் பூசி, காய்ந்ததும் நரம்பை ஒட்ட வெட்டிவிடுங்கள்.