விமான எரிபொருள் வேலைக்குப் புதிதாகப் போகிறீர்களா? முதல் நாளுக்கு முன் இதைப் படியுங்கள்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பஸ் ஏறி பெங்களூரு விமான நிலைய வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எரிபொருள் நிரப்பும் பக்கம் போட்டால், "அட, நம்ம வீட்டு மண்ணெண்ணெய்தானே" என்று அசட்டையாகத் தோன்றும். ஜெட் விமானங்களுக்குப் போடும் ஜெட் ஏ-1 எரிபொருள் மண்ணெண்ணெய் வகைதான், ஆனால் வீட்டில் பழகிய பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

முதலில், கையில் இருப்பது எது என்று பாருங்கள். ஜெட் ஏ-1 என்றால் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானாலே அதன் ஆவி பொறி பட்டுப் பற்றிக்கொள்ளலாம், நம் ஊர்ச் சித்திரை வெயிலே அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். சின்ன விமானங்களுக்குப் போடும் ஏவ்கேஸ் 100எல்எல் நீல நிறத்தில் இருக்கும். அது பெட்ரோல் மாதிரி, எந்தக் குளிரிலும் பற்றும், ஈயச் சேர்மமும் கலந்தது, அந்த ஈயம் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனம், பள்ளத்திலும் சாக்கடையிலும் போய்த் தேங்கும்.

அடுத்து பாண்டிங் கேபிள். குழாயிலும் ஃபில்டரிலும் எரிபொருள் ஓடும்போதே நிலைமின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். அதனால் எரிபொருள் வண்டியையும் விமானத்தையும் இந்தக் கேபிளால் இணைத்த பிறகுதான் ஹோஸைத் தொடவேண்டும், கழற்றும்போது கேபிள் கடைசி. அவசரப்படுத்துகிறார்கள் என்று இதை மட்டும் விடாதீர்கள்.

சட்டை நனைந்துவிட்டதா? அப்படியே உருவாதீர்கள், துணி உரசலிலும் பொறி வரும். நெருப்பு, என்ஜின் பக்கத்திலிருந்து விலகி, தண்ணீரை ஊற்றி நனைத்துக் கழற்றுங்கள், அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கிரீஸ் போக மண்ணெண்ணெயில் கை கழுவும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது வேண்டாம், எண்ணெய்ப்பசை போய்த் தோல் வெடித்துப் புண்ணாகிவிடும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

எனக்கு ரொம்பப் பயம் தருவது வாய்தான். டியூபை வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் நம் பெரியவர்கள் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள், வேண்டாம்! வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியோடு நுரையீரலுக்குள் போகும் சில சொட்டுதான் உயிருக்கு ஆபத்து. ஒன்றும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, எந்த எரிபொருள் என்பதைப் பெயரோடு சொல்லுங்கள்.