நற்கருணை பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சபை வரலாறு எழுதப் புதிதாக வருபவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கைப் பற்றி நற்கருணை, திருவிருந்து, இராப்போஜனம் என்று எந்தப் பெயரில் எழுதினாலும் அதே சறுக்கல்கள்தான். என் பழைய குறிப்பேடுகளிலும் இருந்தவை. ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

"கத்தோலிக்கருக்கு உண்மை, மற்றவர்களுக்கு அடையாளம்"

இந்த வரியைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லுத்தர் போப்பை எதிர்த்தவர், ஆகவே அப்பத்தில் கிறிஸ்து இருப்பதையும் மறுத்திருப்பார் என்று தாங்களே முடிவுகட்டிவிடுகிறார்கள். 1529-இல் ஜெர்மனியின் மார்புர்க் கோட்டையில் இதுபற்றி நடந்த விவாதத்தில் நடந்தது என்ன? "இது என் உடல்" என்ற இயேசுவின் வசனத்தை லத்தீனில் மேசைமேல் எழுதிவைத்து, அதை விட்டு அசைய மறுத்தவரே லுத்தர்தான். விண்ணகத்தில் இருக்கும் உடல் அப்பத்திலும் எப்படி இருக்கும் என்று கேட்டவர் சுவிட்சர்லாந்தின் ஸ்விங்லி. இருவரும் சீர்திருத்தவாதிகள். 15 கூறுகள் எழுதி, கடைசிக் கூறில் இருந்த இந்த ஒரு கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள்.

பல சபையினர் கூடிய ஓர் அரங்கில் இளம் பேச்சாளர் ஒருவர் இதே வரியைச் சொன்னார். முன்வரிசையில் இருந்த லுத்தரன் போதகர் எழுந்து, தாங்கள் கிறிஸ்துவின் உடலையே வாயால் உண்பதாக நம்புகிறவர்கள் என்று அமைதியாகத் தெரிவித்தார். அதன்பின் பேச்சாளர் சொன்ன சரியான செய்திகளையும் அவையில் யாரும் நம்பவில்லை.

இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினையும் அடையாளப் பக்கம் தள்ளிவிடாதீர்கள். அப்பம் மாறுவதில்லை, ஆனால் விசுவாசத்தோடு பெறுபவரைத் தூய ஆவி கிறிஸ்துவோடு மெய்யாகவே இணைக்கிறார் என்பது அவர் போதனை. இங்கிலாந்தில் தோன்றிய ஆங்கிலிக்கன் சபையின் 39 கொள்கைகளில் 28-ஆவதும் இதற்கு நெருக்கமானது.

குழப்பம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: விசுவாசமற்றவர் அப்பத்தை உண்டால் அவருக்குக் கிடைப்பது என்ன? கிறிஸ்துவின் உடலே, ஆனால் தீர்ப்புக்கு ஏதுவாக என்பார் லுத்தர், கத்தோலிக்கரும் அப்படியே. அப்பம் மட்டுமே என்பார் கால்வின். அப்பம் அடையாளமே என்னும் ஸ்விங்லியின் வழியில் நடப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. எந்தச் சபையைப் பற்றி எழுதினாலும் முதலில் இதற்கு விடை தேடுங்கள்.

அப்பம் கிறிஸ்துவின் உடலாவதை வேதியியல் மாற்றம் என்பது

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1551-இல் அப்படிச் சொல்லவில்லை. நிறமும் சுவையும் அப்படியே இருக்க, உட்பொருள் மாறுகிறது என்றது.

"வெறும் நினைவுகூர்தல்"

"வெறும்" வேண்டாம். நினைவுகூர்தல் என்று நம்பும் பாப்டிஸ்ட் சபையாரும் விவிலியத்தின் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை வாசித்து, தங்களைச் சோதித்தறிந்த பிறகே அப்பத்தைத் தொடுகிறார்கள். அந்தப் பயபக்தியை ஒரு சொல்லால் சிறுமைப்படுத்துவது அநியாயம்.

கிழக்கை மறப்பது

ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் மெய்யான மாற்றத்தை நம்புகின்றன. அது நிகழும் விதத்தை மறைபொருளாகவே விட்டுவிடுகின்றன.

1529-இலேயே நின்றுவிடுவது

ஐரோப்பாவின் லுத்தரன் சபைகளும், ஸ்விங்லி, கால்வின் வழிவந்த சீர்திருத்த சபைகளும் 1973-இல் லொய்ன்பெர்க் உடன்படிக்கை வழியே ஒரே திருவிருந்து மேசைக்கு வந்தன.

"எல்லாக் கிறிஸ்தவர்களும் அனுசரிக்கிறார்கள்"

இல்லை. குவேக்கர்கள், இரட்சணிய சேனை என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் இந்தச் சடங்கை நடத்துவதில்லை.