சிறுநீர்க் கசிவு: மாத்திரைக்கு முன்பே தொடங்கும் சிகிச்சை

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் பெண்களில் பலர், மலைச்சரிவில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இருமினால் புடவை நனைகிறது என்ற நிலை வந்தபின் இன்னும் குறைக்கிறார்கள். அது தவறு. சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்துவதால் அவசரம் கூடவே செய்யும்.

முதல் படி, வகையை அறிவது. எப்போது என்ன குடித்தோம், எப்போது கழித்தோம், என்ன செய்தபோது கசிந்தது என்று மூன்று நாள்கள் ஒரு நோட்டில் குறியுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் கொழுந்து மூட்டையைத் தூக்கும்போதும் கசிந்தால் அது அழுத்தக் கசிவு. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டால் அவசரக் கசிவு. இரண்டும் கலந்தும் வரலாம். மருத்துவமனையில் மலையாளத்தில் 'சுமய்க்கும்போள்' போகிறதா என்று கேட்டால், அவர்கள் கேட்பது இருமலை. சுமை என்று புரிந்துகொண்டு தலையாட்டினாலும் பாதகமில்லை, இரண்டும் ஒரே வகைதான். நோட்டைக் காட்டி, சிறுநீர்த் தொற்றும் சர்க்கரை நோயும் உண்டா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, கால் மரத்தல் இருந்தால் பயிற்சிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

இரண்டாம் படி, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதிய இந்த முறையே அழுத்தக் கசிவுக்கு இன்றும் முதல் சிகிச்சை. முழங்காலை மடக்கிப் படுத்து, காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் உள்ளுக்குள் மேல்நோக்கி இழுங்கள். வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துப் பாருங்கள்: வயிறு இறுகினாலோ மூச்சு நின்றாலோ வேறு தசை வேலை செய்கிறது என்று பொருள். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுவதுமாகத் தளர்த்துங்கள். பழகியபின் பத்துவரை நீட்டலாம். வேளைக்கு 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்ய வேண்டும். பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகவும் கூடாது. மூட்டையைத் தூக்குவதற்குச் சற்று முன் தசையை இறுக்கிக்கொள்வது கூடுதல் பலன் தரும்.

அவசரக் கசிவு உள்ளவர்கள், உந்துதல் வந்ததும் ஓடாமல், நின்று தசையை இறுக்கி, அது தணிந்தபின் நடந்து செல்லுங்கள். கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, 6 வாரமாவது தொடருங்கள். கட்டன்சாயாவையும் (பால் சேர்க்காத தேநீர்) குறைக்க வேண்டும். தேயிலைக்கு நடுவிலேயே வாழ்பவர்களிடம் இதைச் சொல்வது எளிதன்று.

இவை போதாதபோதுதான் மருந்து. சோலிஃபெனாசின், ஆக்சிபியூட்டினின் மாத்திரைகள் அவசரக் கசிவுக்கானவை. வாய் உலரும், மலம் இறுகும், முதியவர்களுக்கு மனக்குழப்பமும் வரலாம். அதே கசிவுக்கான இன்னொரு மாத்திரையான மிராபெக்ரான் தருமுன் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அழுத்தக் கசிவு நீடித்தால் யோனிக்குள் பொருத்தும் பெசரி வளையமோ, சிறுநீர்க்குழாயைத் தாங்கும் பட்டை அறுவைச் சிகிச்சையோ உண்டு. இன்னும் பிள்ளை பெற நினைப்பவர்களுக்கு அறுவையைத் தள்ளிவைப்பதே பொதுவான வழக்கம்.